மறைந்த செவ்வந்தியின் கம்பு

திருட்டுப் போன பொருள் ஒன்பதடி நீளம். திருடாமல் விட்டுப்போனவை: சரிகை வைத்த பட்டுத் துண்டு, நேற்றைய ரோஜா மாலை, பித்தளைத் தாங்கி இரண்டு, தடிமனான அட்டை ஒன்று.

"பட்டுத்துண்டை வுட்டுட்டு மூங்கிலை எடுத்துக்கினு போயிருக்குது," என்றார் பாவாடை. "திருட்டுத் தொழிலுக்கு இப்பல்லாம் படிச்சவங்க யாரும் வர்றதில்ல மேடம்."

செந்தமிழ்ச்செல்வி பூமாலை மஹாலின் சாமான் அறை வாசலில் குனிந்து பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

நாற்பத்தொரு வயது செல்வி, பத்து வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். தானாகவே தீப்பிடித்த வைக்கோல் போர்களையும் தானாகவே கிணற்றில் இறங்கிய டிராக்டர்களையும் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கியவள். இப்போது கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறாள். பாவாடைக்கு ஐம்பத்திரண்டு. மினி பஸ் கண்டக்டராக இருபத்திரண்டு வருடம் இருந்தவர். டிக்கெட் எடுக்காத முகத்தைக் கூட்டத்தில் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் என்பதற்காக அவரைச் சேர்த்துக்கொண்டாள். வாயும் கூடவே வந்தது.

"ராத்திரி பத்து மணிக்கு நானே பூட்டினேன் மேடம்," என்றான் சிவசங்கர். "காலையில ஏழு மணிக்குத் தொறந்தா கம்பு இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீல கோட்டு போட்டிருந்த ஒரே ஆள் கள்ளக்குறிச்சியில் அவனாகத்தான் இருக்க வேண்டும். சென்னைக்காரன். தர்ம ஏலங்களில் வசூலைக் கூட்டித் தருவது அவன் தொழில். மலைத்தொட்டில் அறக்கட்டளை அவனை அழைத்திருந்தது. கல்வராயன் மலையில் ரோடு இல்லாத கிராமங்களிலிருந்து பிரசவத்துக்குப் பெண்களை இன்னும் மூங்கிலில் துணி கட்டி, டோலியாகத்தான் சுமந்து வருகிறார்கள். மண்பாதையிலும் ஏறக்கூடிய ஜீப் ஒன்றை ஆம்புலன்ஸாக வாங்க ஒன்பது லட்சம் வேண்டும். அதற்காக நேற்று மாலை இந்த மண்டபத்தில் ஏலம்.

"நாப்பது பொருள் வச்சோம். மலைத்தேன், சாமை மூட்டை, பழைய வெண்கலப் பானை. மத்ததெல்லாம் சேந்து அஞ்சு லட்சத்தைத் தாண்டலை. அந்தக் கம்பு மட்டும் நாலு லட்சத்துப் பத்தாயிரம்."

பாவாடை தலையைச் சொறிந்தார். "மூங்கில் மண்டியில நூத்தம்பது ரூபா சார்."

"அது மூங்கிலோட விலை. நான் வித்தது கதை." சிவசங்கரின் முகத்தில் கவலையைத் தாண்டிக்கொண்டு பெருமை எட்டிப் பார்த்தது. "ஏலத்துக்குன்னு சில டெக்னிக் இருக்கு. முதல் பொருளை நூறு ரூபாயில ஆரம்பிக்கணும். கை தூக்கிப் பழகட்டும். சாப்பாட்டை ஏலம் முடியுற வரைக்கும் கண்ணுல காட்டக்கூடாது. கேட்டவர் பேரை மைக்குல மூணு தடவை சொல்லணும். பேசாத பங்காளிங்க இருந்தா எதிரெதிர் டேபிள்ல போடணும். பூமாலை சாரும் அவர் தம்பி பிச்சைமுத்து சாரும் ரைஸ் மில்லைப் பிரிச்சுக்கிட்டு ஒன்பது வருஷமாப் பேசுறதில்லை. ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டே ஏத்தினாங்க."

"கடைசியில யாருக்கு?"

"எனக்குத்தான்."

வாசலில் வெள்ளைச் சட்டை நின்றது. மண்டபத்தின் சொந்தக்காரர் பூமாலை. அறுபது வயது, நல்ல தூக்கம் தூங்கி எழுந்த முகம். "போனது போச்சு, வுடும்மா. அஞ்சு மணிக்கு நன்றி விழா. கம்பு மேடையில இருந்தா அந்த நிமிஷமே செக்கு. இல்லைன்னா இல்ல. பொருளே இல்லாத ஏலத்துக்குப் பணம் குடுத்தா என் ஆடிட்டரு என்னைத் திட்டுவாரு. டீ சாப்பிடுறீங்களா?"

அவர் போனதும் பாவாடை மெல்லச் சொன்னார். "பொருளைப் பறிகுடுத்துட்டு டீ வாங்கிக் குடுக்கிற ஆளை இன்னிக்குத்தான் பாக்கிறேன்."

செல்வி கீழே கிடந்த அட்டையை எடுத்தாள். அழகான அச்சு.

*மலைமகள் மறைந்த செவ்வந்தியின் கடைசிப் பயணம். பிரசவ வலியில் துடித்தவளை இந்த மூங்கில் சுமந்தது. பாதி வழியில் அவள் மூச்சு நின்றது. நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொரு செவ்வந்தியைக் காப்பாற்றும்.*

செவ்வந்தி என்ற பெயர் இரண்டு இடத்திலும் நீலப் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. அட்டை கிழியும் அளவுக்கு அழுத்தி அடித்திருந்தார்கள். மேலே கோணல்மாணலான எழுத்தில்: *ஜெயம்மா.*

"திருட வந்த எடத்துல எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்குது," என்றார் பாவாடை.

"எழுத்துப்பிழை இல்லண்ணே. ஆள்பிழை."

சிவசங்கர் எட்டிப் பார்த்தான். "திருடியோட கையெழுத்து மேடம்! ஜெயம்மா. எங்கேயோ கேட்ட பேரு மாதிரி இருக்கு. ஞாபகம் வரலை."

"இந்தக் கதை உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"கம்பு குடுத்த கிராமத்திலேர்ந்து யாரோ ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. ஆறு நிமிஷம். ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டுக் கேட்டேன். அதுவும் பாதிதான். மிச்சத்தை நானே எழுதிட்டேன்."

"நேத்து மலையிலேர்ந்து யாராவது வந்தாங்களா?"

"பத்துப் பொம்பளைங்களைக் கூட்டிட்டு வந்து பின்வரிசையில உட்கார வச்சோம். மேடைக்குப் பின்னாடி பேனர் எப்படியோ, பின்வரிசையில அவங்க அப்படி. கூட்டத்துக்கு மனசு இளகும். ராத்திரி இங்கேயே தங்கிட்டு, காலையில போயிட்டாங்க."

செல்வி பாவாடையைத் திரும்பிப் பார்த்தாள். "ஒன்பதடி மூங்கில். கள்ளக்குறிச்சியிலேர்ந்து எப்படிண்ணே கொண்டு போவீங்க?"

"காருக்குள்ள நுழையாது. டூ வீலர்ல குறுக்க வச்சா ரெண்டு பக்கம் கடையையும் பெருக்கிக்கினு போவும்." அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தார். "அஞ்சரை வெள்ளிமலை பஸ்ஸு கண்டக்டர் நம்ம பையன் மாதிரி. அலோ... ஆமாப்பா... மூங்கில் எதுனா ஏறிச்சா?... இன்னா?... சரி சரி."

போனை வைத்தவர் முகத்தில் பக்தி தெரிந்தது.

"மேடம், கம்பைப் பின்னாடி ஏணியில கட்டிக்கினு ஒரு அம்மா ஏறியிருக்குது. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். கரியாலூர்ல எறங்கியிருக்குது. திருடின பொருளுக்கு இருவது ரூபா குடுத்து லக்கேஜ் டிக்கெட் வாங்கியிருக்குது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல திருடாதவங்களே எனக்கு அதைக் குடுத்ததில்ல."

*

கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைச் சுற்றிக்கொண்டு செல்வியின் பழைய கார் மலையேறியது. கரியாலூர் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. நீர்வீழ்ச்சி பார்க்க வந்த கூட்டம் டீக்கடை முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. கடைக்காரப் பெண் பெரியநாயகி, டீயை ஆற்றிக்கொண்டே யாரையும் பார்க்காமல் எல்லோரையும் கவனிக்கிற ரகம்.

"யக்கா," என்றார் பாவாடை, "இங்க ஜெயம்மான்னு ஒருத்தவங்க. வூடு எங்க?"

டீ ஆற்றிய கை நின்றது. "எந்த ஜெயம்மா?"

"காலையில மூங்கிலோட பஸ்ஸை வுட்டு எறங்கின ஜெயம்மா."

"மேலாத்துக்குழி ஜெயம்மாளையா கேக்கிறீங்க? அது செத்து ஏழு வருஷம் ஆவுதே."

பாவாடை வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "செத்தவங்களுக்கெல்லாம் லக்கேஜ் டிக்கெட் குடுக்கிறானா அவன்?"

செல்வி டம்ளரைக் கீழே வைத்தாள். "யக்கா, செவ்வந்தின்னு யாராவது இருக்காங்களா?"

"ஜெயம்மாளோட அக்கா. காலையில இங்கதான் நின்னு டீ குடிச்சுது. தோள்ல மூங்கில் இருந்துது. இன்னாடி ஏலம் நல்லா நடந்துதான்னு கேட்டேன். மொறைச்சுட்டுப் போயிடுச்சு."

இருவரும் காரில் ஏறினார்கள். கதவைச் சாத்திய பிறகுதான் பாவாடை கணக்கைச் சரிபார்த்தார். "செத்தது திருடி. உசுரோட இருக்கிறது செத்தவ. சரியா மேடம்?"

"சரி. அட்டையில இருந்தது கையெழுத்து இல்லண்ணே. திருத்தம்தான்."

*

தார் ரோடு முடிந்த இடத்தில் கார் நின்றுவிட்டது. அதற்கு மேல் செம்மண்ணும் கல்லும். காரின் வயிற்றைக் கிழிக்கக் காத்திருக்கிற பாதை. மேலாத்துக்குழிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் என்று வழியில் ஆடு மேய்த்தவர் சொல்லியிருந்தார்.

"நடக்கணுமா?" என்று பாவாடை கேட்டு முடிப்பதற்குள் மேலே ஆள் குரல் கேட்டது.

வளைவில் முதலில் வந்தது மூங்கில்தான். நல்ல முற்றின கல்மூங்கில், கைபட்டுக் கைபட்டுக் கறுத்தது. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். நடுவில் தொங்கிய போர்வைக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் கை வெளியே நீண்டு மூங்கிலைப் பிடித்திருந்தது. பக்கவாட்டில் மூச்சிரைக்க ஓடி வந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சீலையை வரிந்து கட்டியிருந்தாள். காரைப் பார்த்ததும் அவள் யார் எவர் என்று கேட்கவில்லை.

"வண்டி ஓடுமா?"

"ஓடும்," என்றாள் செல்வி.

"திருப்புங்க."

செல்வி திருப்பினாள். வலியில் இருந்தவளுக்கு இருபத்திரண்டு வயது, பெயர் ஷாலினி. பின்சீட்டில் அவளைப் படுக்க வைத்து, தலையை மடியில் ஏந்திக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்தாள். ஷாலினியின் புருஷன் முன்சீட்டில் ஏறினான். பாவாடைக்கு இடமில்லை.

"நீங்க கம்பை எடுத்துக்கிட்டு இவங்களோட வாங்கண்ணே."

"துப்பறிய வந்த எடத்துல தூக்க வுடுறீங்களே!" என்ற குரல் பின்னால் தேய்ந்தது.

ஆரம்ப சுகாதார நிலையம் பதினைந்து நிமிடத்தில் வந்துவிட்டது.  ஷாலினி கத்தும்போதெல்லாம் காரின் வேகம் கொஞ்சம் கூடியது. நர்ஸ் ஷாலினியையும் அவள் புருஷனையும் உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்திய பிறகு, வெளியே பெஞ்சில் இருவர் மிஞ்சினார்கள்.

"செவ்வந்திதானே நீங்க?"

"கம்புக்குத்தான் வந்தீங்களா?"

"ஆமா."

"திருடலை. என் கம்பு." அவள் நேராகப் பார்த்தாள். "காட்டிட்டுத் திருப்பிக் குடுத்துடுறோம்னு சொல்லித்தான் வாங்கிக்கினு போனாங்க. பொருளுக்குப் பக்கத்துல நிக்கச் சொல்லுவாங்கன்னு நெனச்சு நல்ல சீலையா கட்டிக்கினு போனேன். பின்னாடி உக்கார வச்சாங்க. அந்தக் கோட்டுப் போட்ட தம்பி மைக்குல சொல்லுது, மறைந்த செவ்வந்தின்னு. எல்லாரும் எழுந்து ஒரு நிமிசம் நின்னாங்க. நானும் நின்னேன்."

செல்விக்குச் சிரிப்பு வந்தது. செவ்வந்தியின் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது.

"ஏன் அங்கேயே சொல்லலை?"

"சொன்னேன். பக்கத்துல சாப்பாட்டு டோக்கன் குடுத்துக்கினு இருந்த பொண்ணுகிட்ட, செவ்வந்தி நான்தாம்மான்னு சொன்னேன். அது லிஸ்டைப் பாத்து டிக் அடிச்சுட்டு பிரியாணி டோக்கன் குடுத்துது."

உள்ளே ஷாலினி அலறினாள். செவ்வந்தி கதவைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் செத்ததுல எனக்கு வருத்தம் இல்லம்மா. எனக்கு இன்னா, நான் இருக்கேன். செத்தது என் தங்கச்சி. ஏழு வருசம் முன்னாடி, ஐப்பசி மழையில. வூட்டுல காஞ்ச கம்பு இல்ல. அவசரத்துக்குப் பச்சை மூங்கிலை வெட்டிக் கட்டினோம். ஓடையைத் தாண்டுறப்ப அது பொளந்துடுச்சு. வேற வெட்டிக்கினு வர முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்துல போயிட்டா. இதைத்தான் போன்ல அழுதுக்கினே சொன்னேன். அவ பேரைச் சொன்னேன், ரெண்டு தடவை. அவளும் போயி, அவ பேரும் போனா அப்பறம் இன்னா இருக்குது?"

"அப்போ அந்தக் கம்பு?"

"அது அதுக்கு அப்பறம் நான் வெட்டுனது. முத்தின கல்மூங்கிலாப் பாத்து வெட்டி, ஒரு வருசம் புகையில வச்சு எடுத்தேன். யார் வூட்டுல வலின்னாலும் எங்க வூட்டுலேர்ந்துதான் எடுத்துக்கினு ஓடுவாங்க. பத்தொம்போது பேரு போயிருக்காங்க. ஒருத்தி சாவலை." நிறுத்தினாள். "நேத்து ராத்திரி ஷாலினிக்கு இடுப்பு வலின்னு போன் வந்துது. ஊர்ல கம்பு இல்ல. கம்பு அங்க பட்டுத்துண்டு போத்திக்கினு படுத்திருக்குது. விடியக்காலம் நாலரை மணிக்கு அந்த வெள்ளச்சட்டை ஐயா வாசல்ல போய் நின்னேன்."

செல்வி மெல்ல நிமிர்ந்தாள். "பூமாலை ஐயாவா?"

"பேரு தெரியாது. மண்டபத்துக்காரரு. கம்பு என்னுது, வேணும்னேன். ஒரு கேள்வி கேக்கலை. அவரே சாவி எடுத்துக்கினு வந்து தொறந்து வுட்டாரு. தங்கமான மனுசன். 'யாருக்கும் சொல்லாம எடுத்துக்கினு போம்மா, பத்திரமா வச்சுக்கோ, திருப்பித் தரவே வேணாம்'னாரு. பஸ்ஸுக்கு நூறு ரூபாயும் குடுத்தாரு."

அப்போது உள்ளே அலறல் நின்றது. செவ்வந்தியின் கை செல்வியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. எட்டு, ஒன்பது, பத்து வினாடி. பிறகு வேறொரு குரல், புதுக்குரல், கோபமாக அழுதது.

கதவைத் திறந்த நர்ஸ், "பொட்டப்புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க," என்றாள். செவ்வந்தி பெஞ்சிலேயே சாய்ந்து உட்கார்ந்து சீலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து முந்தானைக்குள்ளிருந்து கேட்டது: "இருவது."

*

பாவாடை ஒருமணி நேரம் கழித்து, தோளில் கம்பின் ஒரு முனையோடு வந்து சேர்ந்தார். சட்டை முழுக்க வியர்வை. "காலிக் கம்புக்கே தோள்பட்டை எறங்கிடுச்சு மேடம். ஆளு வேற இருந்தா நான் அந்த டோலியில ரெண்டாவது ஆளா ஏறியிருப்பேன்."

செல்வி போனில் இருந்தாள். மறுமுனையில் சிவசங்கர்.

"நேராக் கேக்கிறேன். பூமாலையை ஏத்திவிடுற ஆளா நீங்க வச்சிருந்தீங்களா?"

 "அது ஒரு டெக்னிக் மேடம். அண்ணன் ஏத்திக்கிட்டே போவாரு, தம்பி விடமாட்டாரு. நாலு லட்சத்துல அண்ணன் நிறுத்திக்கணும்னு பேச்சு. ஆனா நாலு லட்சம் கேட்டது தம்பி. கேட்டுட்டு அண்ணனைப் பாத்து லேசா சிரிச்சாரு. உடனே இவரு கை தானாத் தூக்கிடுச்சு. நாலு பத்து. தம்பி கையை இறக்கிட்டாரு."

"ஏத்திவிட வந்தவரு எறங்க மறந்துட்டாரு."

"ஆமா மேடம்."

"இன்னொண்ணு. அந்த வாய்ஸ் மெசேஜ்ல செவ்வந்தி, ஜெயம்மான்னு ரெண்டு பேரு வந்துதே, ஏன் செவ்வந்தியைச் சாவடிச்சீங்க?"

"ரெண்டுல யாருன்னு சரியாப் புரியலை மேடம். ஜெயம்மாள்னா எல்லா ஊர்லயும் இருக்காங்க. செவ்வந்தின்னா பூ. பூ வாடிடுச்சுன்னாதான் ஜனங்க அழுவாங்க."

செல்வி போனை வைத்துவிட்டாள். செவ்வந்தியிடம் போய் நின்றாள்.

"கம்பைக் குடுங்கன்னு கேக்க மாட்டேன். ஆனா அஞ்சு மணிக்கு அது அந்த மேடையில இல்லைன்னா நாலு லட்சம் போயிடும். அந்தப் பணம் இல்லாம ஜீப் வராது. கம்போட நீங்களும் வர்றீங்களா?"

"வந்து?"

"உங்க தங்கச்சி பேரை மைக்குல சொல்லுங்க."

செவ்வந்தி கம்பைக் கார் கூரைமேல் தானே ஏற்றினாள். பாவாடை போட்ட முடிச்சை அவிழ்த்துவிட்டு வேறு முடிச்சுப் போட்டாள்.

*

ஐந்து மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. நேற்றுப் போட்ட டேபிள்களை யாரும் நகர்த்தவில்லை. வலது பக்கம் பூமாலை, எதிரே பிச்சைமுத்து. அண்ணனைவிடப் பத்து வயது இளையவர். அண்ணனைப் பார்க்க நேரும்போதெல்லாம் மின்விசிறியைப் பார்க்கிறவர்.

கம்பு வாசலில் நுழைந்ததைக் கண்டு பூமாலை எழுந்தார். கூடவே நுழைந்த பெண்ணைக் கண்டு உட்கார்ந்தார். செல்வி அவர் காதருகே குனிந்தாள்.

"ஐயா, கதவைத் தொறந்து வுட்டது யாருன்னு எனக்குத் தெரியும். பஸ்ஸுக்குக் குடுத்த நூறு ரூபா உள்பட."

"அதுக்கு இன்னா இப்போ?" பூமாலை அசரவில்லை. "கஷ்டப்பட்ட பொம்பளைக்கு உதவி செஞ்சேன். அது குத்தமா?"

மேடையில் செவ்வந்தி மைக்கைக் கம்பைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நேத்து இங்க செத்துப்போன செவ்வந்தி நான்தான்."

மண்டபம் ஒருகணம் அடங்கி, பிறகு தேனீக்கூடு மாதிரி இரைந்தது. அவள் காத்திருந்தாள். பிறகு பச்சை மூங்கில் பிளந்ததைச் சொன்னாள். முக்கால் மணி நேரத்தைச் சொன்னாள். ஜெயம்மாள் என்று இரண்டு தடவை சொன்னாள், அவசரப்படாமல். பத்தொன்பது பேரைச் சொன்னாள். இன்று மதியம் பிறந்த பிள்ளையைச் சொன்னாள். அழவில்லை. சொல்லி முடித்ததும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

கைதட்டல் தொடங்குவதற்குள் பூமாலை கையை உயர்த்தினார்.

"ஒரு சந்தேகம். நான் நேத்து ஏலம் கேட்டது செத்துப்போன பொம்பளையோட கம்பை. அட்டையில அப்படித்தான் போட்டிருந்தீங்க. இது உசுரோட இருக்கிற பொம்பளையோட கம்பு. இதுல ஒருத்தரும் சாவவே இல்லைன்னு அந்தம்மாவே சொல்லுது. சொன்ன பொருள் வேற, குடுக்கிற பொருள் வேற. சாவாத கம்புக்கு நாலு லட்சம் எவன் குடுப்பான்?"

சிவசங்கர் வெளிறிப்போனான். சட்டப்படி அவர் சொன்னதில் தப்பில்லை. பாவாடை செல்வியைப் பார்த்தார்.  மேடையில் செவ்வந்தி கம்பை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் குடுக்கிறேன்."

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பிச்சைமுத்து சொன்னார்.

"நேத்து நான் நிறுத்திக்கினது ஏன்னா, சாவு வந்த கம்பை வூட்டுக்குள்ள கொண்டுபோவ வேணாம்னு வூட்டுக்காரி போன் பண்ணா. இது இருவது உசுரு பொழச்ச கம்பு. நாலேகால் லட்சம்."

சிவசங்கரின் கை தன்னால் மைக்கை நோக்கிப் போனது. செல்வி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம். நீங்க பேசினா கம்மியாயிடும்."

பூமாலை தம்பியைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாகத் தம்பியும் அண்ணனை நேராகப் பார்த்தார். லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

"நாலரை," என்றார் பூமாலை.

"நாலு எழுபத்தஞ்சு."

"அஞ்சு!"

"அஞ்சேகால்."

"டேய், அஞ்சு அறுபதுடா! போடா!"

பிச்சைமுத்து கைகளை விரித்தார். "அண்ணன் ஆசைப்படுது. எடுத்துக்கட்டும்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தச் சத்தத்தில்தான் பூமாலைக்குத் தான் சொன்ன எண் காதில் விழுந்தது. ஆனால் முந்நூறு பேர் எழுந்து நின்று தட்டும்போது, அறுபது வயது மனிதர் எப்படி உட்கார முடியும்? செக் புத்தகத்தை எடுத்தார். பேனா மூடியைத் திறந்துகொண்டே கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டார்.

"ஜீப்பு மேல என் பேரு இருக்கணும். முன்னாடி, பெருசா."

"முன்னாடி ஜெயம்மாள்னு எழுதணும்," என்றாள் செவ்வந்தி மேடையிலிருந்து. மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

பூமாலை பேனாவை மூடினார். மண்டபம் மூச்சைப் பிடித்தது. பாவாடை தொண்டையைச் செருமிக்கொண்டு அவரருகே போனார்.

"ஐயா, இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸுல போனவன் சொல்றேன், கேளுங்க. முன்னாடி எழுதினா யாரு படிப்பான்? எதிர்ல வர்றவன். அவனும் சர்ருன்னு போயிடுவான். பின்னாடி எழுதினா? மலைரோட்டுல ஓவர்டேக் எடுக்க எடம் ஏது? பின்னால வர்றவன் பதினெட்டு கிலோமீட்டருக்கு உங்க பேரைப் படிச்சுக்கினே வருவான். வேற வேலையே கிடையாது அவனுக்கு."

பூமாலை யோசித்தார். "பின்னாடி எவ்ளோ எடம் இருக்கும்?"

"கதவு முழுக்க உங்களுதுதான் ஐயா."

"பூமாலை மாடர்ன் ரைஸ் மில்னு போன் நம்பரோட எழுதலாமா?"

"ரெண்டு நம்பர் எழுதலாம்."

பேனா திறந்தது. செக் கைமாறியது. சிவசங்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்வியிடம் வந்தான். "மேடம், அடுத்த மாசம் திருநாவலூர்ல ஒரு ஏலம் இருக்கு. இந்த அண்ணனை எனக்குக் குடுங்களேன்."

"அவரை விட மாட்டேன். நீங்க மொதல்ல வாய்ஸ் மெசேஜை முழுசாக் கேக்கக் கத்துக்குங்க."

பூமாலை மேடையேறி, போட்டோவுக்குச் சிரித்து, கம்பை வாங்கக் கை நீட்டினார். செவ்வந்தி கொடுக்கவில்லை.

"மொதல்ல ஜீப்பு வரட்டுங்க ஐயா. எங்க ஊர் வரைக்கும் ஏறி வந்து நிக்கட்டும். அன்னிக்கு நானே கொண்டாந்து உங்க வூட்டு வாசல்ல வைக்கிறேன்."

"பணம் குடுத்தாச்சேம்மா! ஜீப்பு வர மூணு மாசம் ஆவும்."

"அந்த மூணு மாசமும் எங்க ஊர்ல யாரும் புள்ள பெக்காம இருக்கணுமா?"

அதற்கு எந்த ஆடிட்டரிடமும் பதில் இருந்திருக்காது. செவ்வந்தி கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். ஒன்பதடிக்கு இடம்விட்டுக் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ஆறரை மணி வெள்ளிமலை பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவள் வேகமாக நடந்தாள்.

மறுநாள் காலை துருகம் ரோடு மாடியில் செல்வி அறக்கட்டளைக்கு அறிக்கை எழுதினாள். பாவாடை தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். இரண்டே வரிதான் இருந்தது.

*காணாமல் போன கம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது அது உரியவரிடம் இருக்கிறது.*